உப்புவெளி மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அக்காவுக்கும் வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தையல் வகுப்பு வழமைபோல நடந்தது. சந்தா கட்டாதவர்களின் பெயரை நான் சபையில் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த வருடம் உருப்படியாக நடந்தது போயா (பௌர்ணமி) நாட்களில் கூடிய வாசிப்பு வட்டம்தான். சாராயக் கடை பூட்டியிருக்கும், வீட்டிலும் சத்தம் குறைவு என்றுதான் அந்த நாளைப் பிடித்தோம். பெண்களின் வாக்குரிமையும் மதுவிலக்கும் என்று தலைப்பு வைத்தபோது இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நியூசிலாந்துக் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது. குடியால் குடும்பங்கள் சீரழிகின்றன, சட்டத்தை மாற்றுங்கள் என்று போனால் வாக்கில்லாதவள் பேச்சு எடுபடவில்லை, சரி, முதலில் வாக்கை வாங்குவோம் என்று கேட் ஷெப்பர்டும் மதுவிலக்குச் சங்கப் பெண்களும் இறங்கினார்கள். 1893இல் ஏறக்குறைய 32,000 கையெழுத்து. தாள்களை ஒட்டிச் சுருட்டி நாடாளுமன்றத்துக்குள் உருட்டிவிட்டார்களாம், 270 மீற்றர் நீளம்! சாராய முதலாளிகள் எதிர்த்தும் செப்டெம்பரில் வாக்குரிமை வந்தது, ஆனால் நாடு முழுவதற்குமான மதுவிலக்கு அங்கே வரவேயில்லை.

நம் இலங்கையில் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அரசியலமைப்பை மாற்ற பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு கேட்க, அவர்களும் பெண்கள்தானே என்றார் அந்தச் சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வா. நம் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்தார் என்று வாசித்தபோது வட்டத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மட்டும் என்றது ஆணைக்குழு. 1931இல் இருபத்தொரு வயதுக்கே கிடைத்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவாகிப் போனார்.

பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியைப் பற்றித்தான் பெரிய சண்டை. 2018இல் அதை நீக்கிவிட்டு சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். குடிக்கவே கூடாது என்று இருக்கும் எனக்கும் அந்த விதி பிடிக்கவில்லை. ஆம்பிளைக்கு இல்லாத தடை நமக்கு மட்டும் எதற்கு?

அப்புறம் நமது மனு. பள்ளிக்கூட ஒழுங்கைக்குப் பக்கத்தில் புதிதாக மதுக்கடை வேண்டாம் என்று வீடு வீடாகப் போனோம். "அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற வீடுகள்தான் அதிகம். கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்ட கையெழுத்து மை கலைந்து கிடக்கிறது, மீன் செதிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளை மாற்ற வேண்டாம் என்றுதான் கொடுத்தோம். வந்த பதில் கடிதம் "ஐயா" என்று தொடங்கி, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று முடிகிறது. இரண்டாவது மனு மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. தேநீருக்கு முன் போட்டுவிடுங்கள்.