திரையில் இருக்கும் நோயாளியிடம் பேசு, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். புற்றுநோய் வார்டில் போஸ்டிங் தொடங்கும் முன்னால் கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒரு கற்பனை நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்லிப் பழகச் சொல்கிறார்கள், உயிரில்லாத ஒன்றிடம் போய் அதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று போனில் சொன்னாய். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு.

வெட்கப்படாதே கண்ணு. அதோடு பேசு. திரும்பத் திரும்பப் பேசு.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலம் முழுக்க, இளம் டாக்டர்கள் இந்தப் பேச்சை யாரிடம் பழகினார்கள் தெரியுமா? பொது வார்டில் கிடந்த ஏழைகளிடம். பணம் கட்டிப் படுத்திருப்பவருக்குப் பெரிய டாக்டரே வந்து உட்கார்ந்து சொல்வார். பொது வார்டில் அன்றைக்கு யார் டியூட்டியோ அவர்தான். ஸ்ட்ரெச்சர் போகிற வராந்தாவில் நின்றபடி, கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ஒரு பையன் ஒரு தாயிடம் அவள் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவள் என்னிடம் வந்து, "அந்தத் தம்பி என்னம்மா சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டாள். கெட்ட பையன் இல்லை அவன். எப்படிச் சொல்வதென்று யாரும் அவனுக்குக் காட்டவே இல்லை. அதற்கான விலையை அந்தத் தாய் கொடுத்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நெஞ்சை அமுக்கி உயிரை மீட்கப் பழகுவதற்கு நார்வேக்காரர் லெர்டால் 1960-லேயே பொம்மை செய்து கொடுத்துவிட்டார். பேசிப் பழகவும் வழி கண்டார்கள். 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர், ஒரு பெண்ணுக்கு நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர்கள் அவளைப் பரிசோதித்துக் கற்றார்கள். அன்றைக்கு அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இன்றைக்குப் பல நாடுகளில் டாக்டர் பரீட்சையில் ஒரு பகுதியே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நடிப்பவருக்குச் சம்பளம் வேண்டும், நேரம் ஒத்து வர வேண்டும். திரையில் இருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கும் உனக்காக உட்கார்ந்திருப்பார், நீ சொதப்பினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எதிரே திரையில் பேசுவதை இயக்குவது மனிதர் இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று நம்பியவர்கள் கூச்சம் குறைந்து மனதைத் திறந்தார்களாம். உன் கூச்சமும் அப்படிக் கழியட்டும்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி இருக்கிறதே, அது உனக்கு மனப்பாடம். அதில் எல்லோரும் தாண்டிப் போவது, "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்று முதலில் கேட்பதை. அதைவிடக் கஷ்டம், சொல்லி முடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது. எதிரில் இருப்பவர் உறைந்து போனதும் டாக்டர்கள் பயத்தில் கீமோ சிகிச்சை, எத்தனை சுற்று, எத்தனை சதவீதம் என்று கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வார்த்தை காதில் ஏறாது. திரையில் அந்த முகம் பேசாமல் உன்னைப் பார்க்கும்போது நீயும் பேசாமல் இருந்து பழகு.

இன்னொன்று. அந்த நோயாளி தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றாய். நம் ஊரில் யார் தனியாக வருகிறார்கள்? அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் வருவார்கள். மூத்த மகன் உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்பான். அவனிடம் என்ன சொல்வாய்? அந்த மகனாகப் பேசச் சொல்லி கம்ப்யூட்டரிடமே கேள். தமிழில் பேசச் சொல். சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுகிறது என்றால், விட்டுக் கொடுக்காதே, கோபப்படு, அழு என்று சொல்லி வை. "வீட்டை விக்கணுமா டாக்டர்?" என்றும் கேட்க வை, ஏனென்றால் நிஜத்தில் அதுதான் முதல் கேள்வியாக வரும். காப்பீட்டு அட்டை விஷயத்தை உங்கள் ஆஸ்பத்திரியில் யார் பார்க்கிறார்கள் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள். அந்த ஒரு பதில் சில பேரைப் பதற்றம் தணிந்து நாற்காலியில் உட்கார வைக்கும்.

வார்டில் நிஜமாகப் படுத்திருப்பவர் பெயரையோ ரிப்போர்ட்டையோ மட்டும் அதில் போடாதே. கற்பனை ஆளே போதும்.

திரையோடு நின்றுவிடவும் கூடாது. நன்றாகப் பேசத் தெரிந்த சீனியர் யாராவது இருந்தால், அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார். எப்போது நாற்காலியை இழுத்துப் போடுகிறார், எப்போது கையைத் தொடுகிறார் என்று கவனி. அது எந்தத் திரையிலும் வராது. தீபாவளிக்கு வரும்போது அந்த மூத்த மகனாக நானும் உன்னோடு பேசிப் பார்க்கிறேன். அவனை மாதிரி நிறையப் பேரைப் பார்த்தவள் நான், லேசில் விட மாட்டேன்.

முதல் தடவை நிஜமாகச் சொல்லிவிட்டு வருகிற அன்றைக்கு, எத்தனை மணியானாலும் போன் பண்ணு. அப்பா எடுத்தால் என்னை எழுப்பச் சொல்.

அன்புடன்,
அம்மா