பார்க்கிங் லாட்டுல வித்த தோட்டா

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவுல தோட்டா தட்டுப்பாடு வந்தப்போ விலை ஏத்தி வித்தவங்களப் பத்தின கட்டுரைய படிச்சேன். சரக்கு கம்மி, கேக்குறவங்க ஜாஸ்தி, அப்போ விலை ஏறத்தான் செய்யும், இதுல நியாயம் அநியாயம்னு பேச ஒண்ணுமில்லன்னு முடிச்சிருந்தீங்க. நான் டல்லாஸ் பக்கம் பதினாலு வருஷமா இருக்கேன், சனிக்கிழமை ஆனா ரேஞ்சுக்குப் போய் சுடுறவன், 2020லயும் 21லயும் அந்த க்யூவுல நின்னவன், அதனால இத அப்படியே விட மனசு வரல.

2020 ஆரம்பத்துல கைத்துப்பாக்கிக்குப் போடுற நைன் எம்எம் தோட்டா, 50 ரவுண்டு பாக்ஸ் பத்து டாலர் பக்கம் கிடைச்சுது, அதாவது ஒரு ரவுண்டு, ஒரு தோட்டா, 20 சென்ட். அப்புறம் கொரோனா வந்துச்சு, போலீஸ் பிடியில ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்த பிறகு ஊர் ஊரா போராட்டம், அதுக்கப்புறம் தேர்தல், ஜனங்க பயந்துபோய் துப்பாக்கி வாங்க ஆரம்பிச்சாங்க. துப்பாக்கி வாங்க வர்றவங்கள எஃப்பிஐ செய்யுற பின்னணி சோதனை 2019ல 2 கோடியே 84 லட்சம், 2020ல 3 கோடியே 97 லட்சம், இது எல்லாமே விற்பனை கிடையாதுதான் ஆனா போக்கு என்னன்னு தெரியுதுல்ல. புதுசா வாங்குன ஒவ்வொருத்தரும் ரெண்டு பாக்ஸ் தோட்டாவாவது கேப்பாங்க. சரியா அந்த நேரம் பாத்து துப்பாக்கியும் தோட்டாவும் தயாரிச்ச ரெமிங்டன் கம்பெனி ஜூலைல திவால் மனு போட்டுச்சு. 2021 தொடக்கத்துல அதே பாக்ஸ் நாப்பது டாலர், சில இடத்துல அம்பதுக்கும் போச்சு.

ஒரு நாள் காலைல ஆறரை மணிக்கே போய் ஒரு பெரிய கடை வாசல்ல நின்னேன். எனக்கு முன்னாடி முப்பது பேர் இருக்கும், பாதி பேர் மடக்கு நாற்காலியோட வந்திருந்தாங்க, தினமும் வர்றவங்க அவங்க. எனக்குப் பின்னாடி ஒரு அம்மா, ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் கூட மாத்தல, நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருக்காங்க, தனியா இருக்காங்களாம், துப்பாக்கி வாங்கி ஒரு மாசம் ஆச்சு இன்னும் ஒரு தடவை கூட சுட்டுப் பாக்கலன்னு சொன்னாங்க. எங்க முறை வர்றதுக்குள்ள தீந்துபோச்சு. வெளிய வந்தா, க்யூவுல முன்னாடி நின்ன ஆளு டிக்கிய தொறந்து வெச்சு அதே பாக்ஸ 45 டாலர்னு வித்துட்டு இருக்கான். கடைக்காரன் ஒட்டுன 17.99 ஸ்டிக்கர கூட பிச்செடுக்கல அவன். அந்த அம்மா பர்ஸ தொறந்து பாத்துட்டு மூடிட்டு கார்ல ஏறிப் போயிட்டாங்க. சுட்டுப் பழகாம துப்பாக்கிய வீட்ல வெச்சிருக்கறது அவங்களுக்கும் ஆபத்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஆபத்து. இத பிசினஸ்னு சொல்ல எனக்கு வாய் வரல. எரியிற வீட்ல புடுங்குனது லாபம்னு ஊர்ல சொல்லுவாங்களே, அதேதான் இது.

இந்த மாதிரி வித்தவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தனும் இருந்தான், அதான் ரொம்ப வலிச்சுது. கேட்டா, "அண்ணே, நான் என்ன திருடுனேனா, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு க்யூவுல நிக்கிறேன், வேணும்னா வாங்கட்டும் இல்லன்னா போகட்டும்"ங்கறான். அதோட, விலை ஏறுனாதானே கம்பெனிக்காரன் அதிகமா தயாரிப்பான்னு ஒரு நியாயம் வேற, உங்க கட்டுரைலயும் இதத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா நான் பாத்த அந்த டிக்கிக்காரன் ஒரு பாக்ஸுக்கு சம்பாதிச்ச 27 டாலர்ல ஒரு சென்ட் கூட ஃபேக்டரிக்குப் போகல. ஃபேக்டரிக்கே போனாலும் ஒடனே ஒண்ணும் ஆகாது, தோட்டாவோட பின்பக்கம் இருக்குமே ப்ரைமர்னு ஒரு சின்ன மூடி, அது வெடிமருந்து சமாச்சாரம், இந்த நாட்டுல அத பெரிய அளவுல பண்றது விரல் விட்டு எண்ற அளவு கம்பெனிதான், ராவும் பகலும் ஓட்டியும் பத்தல, புது லைன் போட மாசக்கணக்கா ஆகும். எங்க டெக்சஸ்லயே அதே 2021 பிப்ரவரி பனியில பாத்தோமே, மொத்த விற்பனை மார்க்கெட்ல கரண்ட் விலைய மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்னு உச்சிக்குக் கொண்டுபோய் வெச்சாங்க, ஒறஞ்சுபோன கரண்ட் பிளான்ட் விலையப் பாத்து ஓட ஆரம்பிச்சுதா என்ன, சில பேருக்கு ஆயிரக்கணக்குல பில் வந்ததுதான் மிச்சம்.

இன்னொண்ணு, விலை ஏறுனா பதுக்கல் கொறையும்னு சொல்றாங்க, நான் பாத்தது நேர் எதிர். இன்னைக்கு நாப்பதுன்னா நாளைக்கு அறுபது ஆயிடும்னு பயந்து, கராஜ்ல ஏற்கனவே அஞ்சாயிரம் ரவுண்டு அடுக்கி வெச்சிருந்தவன்தான் இன்னும் ரெண்டு பெரிய பெட்டி வாங்கினான். கையில காசு இருக்கறவனுக்குத்தான் போச்சே தவிர தேவை இருக்கறவனுக்குப் போகல. சட்டம்னு பாத்தா, பேரிடர் அறிவிச்ச நேரத்துல சாப்பாடு, மருந்து, எரிபொருள் மாதிரி அத்தியாவசியத்த கொள்ளை விலைக்கு விக்கக் கூடாதுன்னு டெக்சஸ்ல இருக்கு, தோட்டாவ பேர் சொல்லி அதுல போடல. சரி, தண்ணியும் தோட்டாவும் ஒண்ணில்ல, ஒத்துக்கறேன். ஆனா சட்டத்துல இல்லாததெல்லாம் சரின்னு ஆயிடுமா சார்?

கடைக்காரன் விலை ஏத்துனாலே தப்புன்னு நான் சொல்ல வரல. எங்க வீட்டுக்கு இருபது நிமிஷத்துல ஒரு சின்ன கடை இருக்கு, வயசானவர் ஒருத்தர் நடத்துறார். அவருக்கு மொத்த விலையே ஏறிப்போச்சு, அதனால அவரும் ஏத்தினார், ஆனா கேட்டா பில்ல எடுத்து கவுன்டர்ல வெச்சு இதுக்கு வாங்கினேன் இதுக்கு விக்கிறேன்னு காட்டுவார். ஒரு ஆளுக்கு ஒரு பாக்ஸ்தான்னு அட்டைல கைப்பட எழுதி மாட்டியிருந்தார். ஒரு கோடு போட்ட நோட்டுல பேரும் போன் நம்பரும் எழுதி வெச்சுக்கிட்டு, சரக்கு வர வர வரிசையா கூப்பிடுவார், புதுசா துப்பாக்கி வாங்குனவங்களுக்குத்தான் முதல்ல. அந்த அம்மாவ க்யூவுல பாத்தப்போ இந்தக் கடை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அனுப்பி வெச்சிருப்பேன், இன்னைக்கும் அது மனசுல கெடக்கு. எனக்கு பதினோரு நாள் கழிச்சு போன் வந்துச்சு, ஒரு பாக்ஸ், 22 டாலர்.

அவர மாதிரி கட நடத்துனவங்களப் பத்தியும் அடுத்த இதழ்ல ஒரு பக்கம் எழுதுங்க, விலாசம் வேணும்னா நான் தர்றேன்.

இப்படிக்கு,
டல்லாஸ் வாசகர் ஒருத்தர்