பைத்தானுக்கு கம்பைலர் வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, எழுதிய ப்ரோக்ராமை மெஷின் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் தேவையில்லை என்று போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டு என் அக்கா மகன் பட்ட பாட்டைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடலூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லேபில் பைத்தானின் இன்ஸ்டாலரான பிப் போட்டு ஒரு லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ரெடிமேட் கோடு) இறக்கப் பார்த்தான், 'பில்டிங் வீல்' என்று கொஞ்ச நேரம் ஓடிவிட்டு திரை முழுக்கச் சிவப்பாகக் கொட்டியது. லேப் சார் சிஸ்டத்தையே ஃபார்மட் பண்ணச் சொன்னார், பண்ணினார்கள், எல்லாவற்றையும் திரும்பப் போட்டார்கள், மறுபடி அதே சிவப்பு. "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்று போட்டோ எடுத்து அனுப்பினான். அத்தனை வரியில் ஒன்றுதான் விஷயம்: சி மொழிக் கோடை பைத்தானுக்காக கம்பைல் செய்யத் தேவையான 'பைத்தான்.ஹெச்' ஃபைல் இல்லை. சி லேபுக்காக ஜிசிசி என்ற கம்பைலர் ஏற்கெனவே இருந்தது, அந்த ஃபைலைத் தரும் 'பைத்தான்3-டெவ்' பேக்கேஜைத்தான் யாரும் போடவில்லை. இரண்டு நிமிட வேலை.

நாம் ஓட்டும் பைத்தானே சி மொழியில் எழுதியது, எண்கணக்குகளுக்கான நம்பை போன்ற லைப்ரரிகளின் வேகமும் உள்ளே இருக்கும் சியால் வருவதுதான். யாரோ முன்கூட்டியே கம்பைல் செய்து 'வீல்' ஆகப் போட்டுவைப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை, கடையில் வாங்கும் இட்லி மாவு மாதிரி. நம் வெர்ஷனுக்கோ பழைய 32 பிட் மெஷினுக்கோ பொருந்தும் வீல் இல்லையென்றால் பிப் அரிசியை, அதாவது கம்பைல் செய்யாத மூலக் கோடை, கொண்டுவந்து இறக்கிவிடும், அரைத்துக்கொள்வது நம் பாடு. விண்டோஸில் அதற்கான மைக்ரோசாஃப்ட் பில்ட் டூல்ஸே சில ஜிபி.

அப்புறம் பையனுக்கு ஆசை வந்து பைத்தானில் இம்போர்ட் செய்துகொள்ள தானே சியில் 'கணக்கு' என்று ஒரு மாட்யூல் எழுதினான். லேபில் உபுண்டு என்ற லினக்ஸ் 22.04, பைத்தான் 3.10. கம்பைல் ஆன ஃபைலைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே உபுண்டு 24.04, பைத்தான் 3.12, அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்றது. ஃபைல் பெயரிலேயே 'சிபைத்தான்-310' என்று இருக்கும், 3.12 அதைத் திரும்பியும் பார்க்காது. இவன் ஃபைல் பெயரிலிருந்து அதை வெட்டிவிட்டு 'கணக்கு2' என்று பெயர் வைத்தான். மாட்யூலைத் தொடங்க பைத்தான் கூப்பிடும், உள்ளே இருக்கும் 'பைஇனிட்' ஃபங்ஷன் பழைய பெயரிலேயே இருப்பதால் அதற்கு வேறு ஒரு எர்ரர். கம்பைல் ஆனதை மற்ற லைப்ரரிகளோடு இணைத்து லிங்க் செய்யும்போது ஒரு லைப்ரரியை விட்டுவிட்டாலோ இன்னும் மோசம், லினக்ஸில் ஃபைல் சமர்த்தாக உருவாகிவிடும், இம்போர்ட் செய்யும்போதுதான் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று காலை வாரும்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் லேப், அது இப்படிப் போகிறது. பைத்தான்3-டெவ்வை முதல் நாளே போட்டுவைக்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு பத்தி எழுதுங்கள், சிவப்பைப் பார்த்துப் பயப்படாமல் முதல் 'எர்ரர்' வரியைத் தேடச் சொல்லுங்கள். இப்படி மாட்யூல்களை பில்ட் செய்யும் பழைய டிஸ்ட்யூட்டில்ஸை பைத்தான் 3.12இலேயே எடுத்துவிட்டார்கள், அதை வைத்துத்தான் ரெக்கார்டு நோட்டில் இன்னும் எழுதச் சொல்கிறார்களாம், அதற்குத் தனிக் கடிதம் போடுகிறேன்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்