கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். மூட்டு வலி மட்டும் இன்னும் விட்டபாடில்லை. இல்லையென்றால் நீ போனில் சொன்ன அன்றே பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து, பிரிட்ஜை நானே திறந்து பார்த்திருப்பேன். போனில் சொல்வது பாதி மறந்துவிடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். மெக்கானிக் மறுபடி வரும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சம்பந்தி அம்மாவின் இன்சுலினை அந்த பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பழுது நீங்கும்வரை பக்கத்து வீட்டு பிரிட்ஜில் கேட்டு வை. ஃப்ரீசர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதில் மட்டும் வைத்துவிடாதே. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. இந்தச் சில நாட்களாகச் சூட்டில் இருந்ததைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

இனி பிரிட்ஜின் விஷயம். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாக நிற்கிறது, கீழ்த்தட்டில் வைத்த பால் மட்டும் திரிகிறது என்றாய். வந்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே, குளிரூட்டும் கேஸ் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேஸ் நன்றாகக் குறைந்த பிரிட்ஜில் ஃப்ரீசரும் சேர்ந்தே தளரும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மேலே குளிர்ந்து கீழே மட்டும் குளிராவிட்டால், குளிர்ந்த காற்று கீழே இறங்கும் வழி அடைபட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உன்னுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. அதில் குளிரூட்டும் காயில் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கிறது. ஒரு சிறிய ஃபேன் அந்தக் குளிரை மேலேயும் கீழேயும் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் காற்றின் ஈரம் காயிலில் பனியாகப் படியும் என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை டைமரோ போர்டோ கம்ப்ரசரை நிறுத்தி, காயிலின் அடியில் உள்ள ஹீட்டரைச் சிறிது நேரம் எரியவிட்டு, அந்தப் பனியை உருக்கி, நீரைக் குழாய் வழியாகக் கம்ப்ரசரின் மேலுள்ள தட்டுக்கு அனுப்புகிறது. ஹீட்டர், அதைக் கட்டுப்படுத்தும் பைமெட்டல், ஃபியூஸ், டைமர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கெட்டாலும் பனி உருகாமல் நாளுக்கு நாள் தடித்து, கடைசியில் காயில் முழுவதும் வெள்ளைச் சுவராகி, காற்று கீழே வர வழியில்லாமல் போய்விடும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பழுதோடு பட்டறைக்கு வந்த பெட்டிகளே அதிகம்.

நீயே செய்து பார்க்கக்கூடிய சோதனை உண்டு. ஃப்ரீசர் கதவைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடி. ஃபேன் சுற்றும் சத்தம் பெரும்பாலும் கேட்கும். சத்தமே இல்லையென்றாலும், பனியில் உரசி கரகரவென்று கேட்டாலும் குறித்துக்கொள். கீழ்த்தட்டில் காற்று வரும் துளையை மாவுப் பாத்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு கதவுகளையும் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விட்டுவிடு. அடியில் பழைய துணிகளை விரித்து வை. கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ பனியைக் குத்தாதே. காயில் அலுமினியம், ஒரு துளை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையிலேயே வந்துவிடும். மறுநாள் போட்ட பின் கீழ்த்தட்டு நன்றாகக் குளிர்ந்து, சில நாட்களில் மறுபடி சூடேறினால், பழுது பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். இரவில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துக் காலையில் பார். 4 டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும்.

மெக்கானிக் வரும்போது பிரிட்ஜ் உருகிய நிலையில் இருக்கக் கூடாது. பனி கட்டிய பிறகே வரச் சொல். அவர் பின்பலகையை உன் முன்னால் கழற்றட்டும். காயில் முழுக்கத் தடிப்பாகப் பனி மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது, உருக்கும் பகுதிதான் வேலை செய்யவில்லை. ஒரு முனையில் மட்டும் பனி படிந்து மீதி வெறுமையாக இருந்தால் அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். பைமெட்டலை மீட்டரில் சோதிக்கும்போது கவனம் வேண்டும், அம்மா. அது நல்ல குளிரில்தான் இணைப்புக் கொடுக்கும். அறைச் சூட்டில் வைத்துப் பார்த்தால் நல்லதுகூடக் கெட்டதாகவே காட்டும். அவசரக்காரர்கள் இப்படித்தான் நல்ல உதிரியைத் தூக்கி எறிகிறார்கள்.

கேஸ்தான் குறைந்திருக்கிறது என்று உறுதியானால், எங்கே கசிகிறது என்று கேள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருளல்ல. கசிவை அடைக்காமல் ஏற்றினால் பணம்தான் வீண். அடைத்த பிறகு ஃபில்டரை மாற்றி, வாக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றக்கூடிய கேஸ். மூடிய சமையலறையில் குழாயைப் பற்றவைத்து ஒட்டும் வேலைக்கு இடம் கொடுக்காதே, ஜன்னல்களைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை வெளியே அனுப்பிவிடு.

கதவு ரப்பரையும் பார்த்துவிடு. ஒரு தாளை இடுக்கிக் கதவை மூடி இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்வாக வந்தால் அந்த இடத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மறுபடி சோதி. மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது உங்கள் பகுதியில் தண்ணீர் புகுந்ததே, அதுபோல் மறுபடி புகுந்தால், கம்ப்ரசர் அடியில் இருப்பதால், முழுக்க உலர்த்திச் சோதிக்காமல் பிளக்கைச் செருகாதே.

பலகையைக் கழற்றியதும் காயிலைப் படம் எடுத்து மாப்பிள்ளையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் அதில் தெரியட்டும். ஹீட்டரோ பைமெட்டலோ மாற்ற வேண்டியிருந்தால், இங்கே எனக்குத் தெரிந்த கடையில் சரியானதைப் பார்த்து வாங்கித் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா