தடுப்பு ஆன்டிபயாடிக்: நிறுத்தும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்று வருமுன்பே தரப்படும் ஆன்டிபயாடிக் பற்றிய உங்கள் கட்டுரை, ஒற்றை டோஸையும் பத்து நாள் ஊசியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. சிக்கல் தொடங்குவதைவிட நிறுத்தாமல் விடுவதில்தான் அதிகம்.

2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வைப் பாருங்கள். மூளைக் காயத்தால் கோமாவில் இருந்தவர்களுக்குச் சுவாசக் குழாய் போட்ட 12 மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம், ஒரே ஒரு முறை. முதல் வாரத்தில் வரும் நிமோனியா 32 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. இதே மருந்தை 'குழாய் இன்னும் இருக்கிறதே' என்று நாள்கணக்கில் நீட்டினால் கதை வேறு. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழியும். இம்மருந்துக்கு இயல்பிலேயே அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியாவும், எதிர்ப்புத்திறன் பெற்ற கிளெப்சியெல்லா பாக்டீரியாவும், கேண்டிடா பூஞ்சையும் அந்த இடத்தைப் பிடிக்கும். அதன்பின் வரும் நிமோனியாவுக்கு இம்மருந்து உதவாது. வடிகுழாயோ சிறுநீர்க் குழாயோ இருப்பது மட்டும் மருந்தைத் தொடரக் காரணமாகாது.

வாயிலும் குடலிலும் உள்ள கிருமிகளை முன்கூட்டியே குறைக்க, வாயில் பசையாகவும் வயிற்றுக் குழாய் வழியாகவும் கொலிஸ்டின், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தும் தினம் 4 முறை, கூடவே 4 நாள் செஃபோடாக்சிம் ஊசி என்ற முறையைக் கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது. எதிர்ப்புத்திறன் குறைவான நெதர்லாந்தில் 2009இல் அது உயிரிழப்பைக் குறைத்தது. 2022இன் ஆஸ்திரேலிய ஆய்வில் இறப்பு இம்முறையில் 27.0, வழக்கமான சிகிச்சையில் 29.1 சதவீதம், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். எதிர்ப்புக் கிருமிகள் மலிந்த பிரிவுகளில் இதை அப்படியே நகலெடுக்க நான் தயங்குவேன். மற்ற ஆன்டிபயாடிக்குகள் பலிக்காதபோது கொலிஸ்டின் நம் கடைசிக் கையிருப்பு. புரோட்டியஸ், செராஷியா என்ற பாக்டீரியாக்கள் அதற்குப் பிறவியிலேயே அடங்காதவை. செய்வதென்றால் வாரம் இருமுறை தொண்டையிலும் மலக்குடலிலும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் மாதிரி) எடுத்து, எதிர்ப்புக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பழைய பசையைத் துடைக்காமல் மேலே பூசினால் அது கட்டியாகத் திரளும் என்பதையும் செவிலியருக்குச் சொல்லி வையுங்கள்.

மருந்துச் சீட்டில் தொடங்கும் நேரத்தோடு நிறுத்தும் நேரத்தையும் எழுதலாம். தொற்றுச் சந்தேகத்தில் தொடங்கினால், முதல் டோஸுக்கு முன்பே இரண்டு செட் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிவைப் பார்த்துக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம். கல்ச்சர் எடுக்குமுன் ஊசி போய்விட்டால் எதிர்மறை முடிவை நம்பி மருந்தை நிறுத்த யாருக்கும் துணிவு வராது. பத்து நாள் ஊசி பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இப்படிக்கு,
தொற்றுநோய் மருத்துவர் ஒருவர்