செயல் அலுவலராகப் போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நலம். 'இனி கோயில் முழுக்க என் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் திருத்திக்கொள், கண்ணு. சொத்து சாமியுடையது. சட்டத்தின் பார்வையில் சாமி என்றைக்கும் மைனர். மைனருக்காகப் பார்த்துக்கொள்கிறவர் அறங்காவலர்.

1959ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 45ஆம் பிரிவை முதலில் படி. செயல் அலுவலருக்குச் சொத்து நிர்வாகம் சார்ந்த அதிகாரத்தை மட்டுமே தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. உனக்கு எது, அறங்காவலருக்கு எது என்று அறநிலையத் துறை ஆணையர் பிரித்து எழுதலாம். உன் நியமன உத்தரவில் அந்தப் பட்டியல் இருக்கிறதா பார். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கு. வாய்வார்த்தையில் ஓடும் கோயில்களில் முதல் தணிக்கையிலேயே தகராறு.

அறங்காவலர் குழுவில் 3 முதல் 5 பேர். ஒருவர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர், ஒருவர் பெண். குழுவின் காலம் முடிந்து புதிய குழு போடாவிட்டால், அதன் வேலையைப் பார்க்கத் தக்கார் என்று ஒருவரை நியமிப்பார்கள். இடைக்கால ஏற்பாடுதான், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும். தக்காரும் துறை அலுவலர், நீயும் துறை அலுவலர் என்றால் கேள்வி கேட்க யார்? கோளாறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத் தொட்டதுதான்: முறைகேட்டைச் சரிசெய்ய அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பித் தர வேண்டும்.

பூஜை விஷயத்தில் தலையிடாதே. எந்தக் காலம் எந்த அபிஷேகம் என்பது ஆகமமும் வழக்கமும் சொல்வது. ஆனால் அர்ச்சகரை நியமிப்பது சமயச் செயல் அல்ல, நிர்வாகச் செயல் என்று 1972இல் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பானது. அர்ச்சகர் பதவிக்கு வாரிசுரிமை போயிற்று, ஆகமத் தகுதி வேண்டும் என்பது நின்றது. இந்தக் கோட்டில் இன்னும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை.

திருவிழாவில்தான் உனக்குச் சோதனை. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை எந்தக் கரைக்கு, அதாவது ஊரின் எந்தப் பிரிவுக்கு என்று தகராறு கிளம்பும். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவார். அதில் போடும் கையெழுத்து அந்த ஆண்டுத் தேரை ஓடவைக்கும், அவ்வளவே, உரிமையைத் தீர்மானிக்காது. அடுத்த வருஷம் அதே காகிதத்தைச் சாசனம் போல நீட்டுவார்கள், ஏமாறாதே. மரியாதை உரிமையை முடிவு செய்வது 63ஆம் பிரிவின்படி இணை ஆணையர். அதன்மேல் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் சிவில் வழக்கு. 'அய்யா, மனு கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு வழக்கமான முறையில் விழாவை நடத்து.

நிலத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேண்டும், 34ஆம் பிரிவு. இல்லையேல் அது செல்லாது. அமைச்சர் சொன்னார், எம்எல்ஏ சொன்னார் என்று யாராவது வந்தால் கோப்பில் எழுதித் தரச் சொல். பெரும்பாலோர் மறுபடி வரமாட்டார்கள்.

பொறுப்பேற்கும் அன்றே, கோயில் சொத்தும் நகையும் பட்டியலிட்ட 29ஆம் பிரிவுப் பதிவேட்டை வாங்கி, நகையை எடைபோட்டு ஒப்பிட்டுப் பார். குறைந்தால் அன்றைய தேதியிலேயே எழுது. ஒரு வாரம் தள்ளினால் குறைவு உன் கணக்கு.

அன்புடன்,
அம்மா