பாதாளச் சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தாழ்வான பகுதித் தெருக்களில் குடியிருப்போர் சார்பில்,
குடியிருப்போர் நலச் சங்கம்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
உள்ளாட்சித் துறை

பொருள்: பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் இரண்டையும் ஒரே திட்டமாக எடுத்து, அளவெடுப்பு முதல் பராமரிப்பு வரை நிதி ஒதுக்கித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மழை வரும் என்று தெரிந்தால் எங்கள் வீடுகளில் முதலில் மணல் மூட்டையைத் தேடுவோம். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் மூட்டையை வைத்து அழுத்த வேண்டும். அரை மணி நேரம் விடாமல் பெய்தால் போதும், தெருவில் இருக்கும் மேன்ஹோல் நிரம்பி, கழிவுநீர் போன வழியே திரும்பி வரும். தரைத்தள வீடுகளில் அது நுழைவது குளியலறை வழியாகத்தான். முதலில் குமிழி விடும் சத்தம் கேட்கும். அப்புறம் மூட்டையைச் சுற்றிக் கறுப்பாகக் கசியும். மூட்டையை வைத்துவிட்டால் அன்று இரவு முழுக்க அந்த வீட்டில் யாரும் கழிவறைக்குப் போக முடியாது. வயதானவர்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் படும் பாட்டை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

இதைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனால் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. பாதாளச் சாக்கடையைப் பார்ப்பவர்கள், "மழைத்தண்ணீரை எங்கள் குழாயில் விட்டுவிடுகிறார்கள், பொங்காமல் என்ன செய்யும்?" என்கிறார்கள். வடிகாலைப் பார்ப்பவர்கள், "கால்வாயில் சாக்கடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், தூர்வாரின மறுமாதமே அடைத்துக்கொள்கிறது" என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு, தனித்தனி ஒப்பந்தம். நிதி வருவதும் வேறு வேறு ஆண்டுகளில். ஒரு வருடம் தெருவைத் தோண்டிக் குழாய் போடுகிறார்கள். மூடிச் சாலையும் போட்ட பிறகு வடிகாலுக்குப் பணம் வருகிறது, மறுபடியும் தோண்டுகிறார்கள். அந்தத் தோண்டலில், போன முறை கொடுத்த வீட்டு இணைப்புகள் உடைகின்றன. உடைந்த இடம் மண்ணுக்குள் மூடிப்போவதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அடுத்த மழையில் அந்த வழியாகவே தண்ணீரும் மண்ணும் குழாய்க்குள் ஏறுகின்றன.

ஆகவே இரண்டையும் ஒரே திட்டமாக எடுத்து, ஒரே நிதியில், ஒரே தடவை தோண்டி முடிக்கும்படி செய்து தாருங்கள் என்று கேட்கிறோம். இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர். அதே ஒரு ஹெக்டேரில் 400 பேர் வசிக்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே 40,000 லிட்டர்தான். அந்த மழையில் பத்தில் ஒரு பங்கு பாதாளச் சாக்கடைக்குள் புகுந்தாலும் 50,000 லிட்டர். ஒரு நாள் முழுக்க வர வேண்டிய கழிவுநீரைவிட அதிகமான தண்ணீர் ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் வந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும், மழைநீர் இப்படிக் கலப்பதை நிறுத்தாவிட்டால் போதாது.

குழாயோடு கெடுதல் நின்றுவிடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவை உண்மையில் சுத்தம் செய்வது அங்கே தொட்டியில் வளர்க்கப்படும் நுண்ணுயிர்கள். காற்றைக் கொடுத்து, கழிவையே உணவாகக் கொடுத்து அவற்றைப் பெருக்கி வைத்திருப்பார்கள். மழைநீர் ஒரேயடியாக வந்து இறங்கினால் அந்த உயிர்க்கூட்டம் தண்ணீரோடு அடித்துச் செல்லப்படும். திரும்ப வளர்த்து எடுக்கப் பல நாட்கள் ஆகும். மழை விட்டு வெயில் வந்த பிறகும் நிலையத்திலிருந்து பாதி சுத்தமான தண்ணீரே வெளியேறிக்கொண்டிருக்கும். அது போய்ச் சேரும் நீர்நிலையில்தான் கீழ்ப்பகுதி மக்கள் கால் நனைக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள்.

மழையில்லாத மாதங்களில் நிலைமை தலைகீழ். தண்ணீர் மெதுவாக ஓடினால் குழாயின் அடியில் வண்டல் தங்கிவிடும். விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. உடைப்பு வழியாக மண் ஏறிய குழாயில் அந்த வேகம் வராது. தேங்கிய கழிவிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். குழாயின் மேற்புற ஈரத்தில் அது கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஒரு நாள் மேலே போகும் சாலை உள்வாங்கும். அடைப்பெடுக்க இறங்கும் தொழிலாளியை ஒரே மூச்சில் சாய்த்துவிடுவதும் இதே வாயுதான்.

இந்த மனுவை எழுதும் முன் நாங்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாக நடந்தோம். கையில் சாக்பீஸ், ஒரு நோட்டு, அளவு நாடா. எந்த மேன்ஹோல் பொங்குகிறது, எந்த வீட்டு மாடித் தண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் இறங்குகிறது, எந்த இடத்தில் வடிகால் திடீரென்று முடிந்துபோகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டோம். சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பெரியவர்கள் கைவைத்துக் காட்டினார்கள், அதையும் அளந்தோம். சொல்லத்தான் வேண்டும்: சங்க உறுப்பினர்கள் சிலருடைய வீட்டு மாடித் தண்ணீரும் பாதாளச் சாக்கடைக்குத்தான் போகிறது. வேறு வழி இல்லாமல் விட்டோம் என்பது உண்மை, அது தவறு என்பதும் உண்மை. பக்கத்தில் ஓடும் வடிகால் ஒன்று இருந்தால் மறுநாளே மாற்றிவிடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள்களையும் இணைத்துள்ளோம்.

இனி நிதி பற்றி. எங்கள் ஊரிலிருந்து முன்பு அனுப்பிய கருத்துரு திரும்பி வந்தது. மேன்ஹோல்களின் அடிமட்ட அளவுகளும் நிலத்தின் ஏற்ற இறக்க வரைபடமும் இல்லை என்பது காரணம். கேட்டது நியாயமான கேள்விதான், அந்த அளவு இல்லாமல் சாக்கடை வடிவமைக்க முடியாது. ஆனால் அளவெடுக்கவே பணம் வேண்டும். திட்ட அறிக்கை இருந்தால்தான் நிதி, நிதி இருந்தால்தான் திட்ட அறிக்கை என்றால் எங்களைப் போன்ற சிறிய உள்ளாட்சிகள் எந்தக் காலத்திலும் வரிசைக்குள்ளேயே வர முடியாது. அதனால் முதல் தவணையாக, திட்டப் பணிக்கு முன்பே, அளவெடுப்புக்கும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கும் புகைச் சோதனைக்கும் தனியாகத் தொகை தாருங்கள். புகைச் சோதனை அதிகம் செலவு வைக்காத வேலை. மேன்ஹோலுக்குள் தீங்கற்ற புகையை ஊதினால், மழைநீர் எங்கெங்கே சாக்கடைக்குள் நுழைகிறதோ அங்கெல்லாம் புகை வெளியே வரும். எந்த மாடிக் குழாய், எந்த உடைப்பு என்பது ஒரே காலையில் ஊருக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது பங்குத்தொகை. மானியத் திட்டங்களில் உள்ளாட்சி தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று விதி இருப்பது தெரியும். வருமானம் உள்ள பெரிய நகரம் அதைக் கட்டிவிடும். சம்பளமும் மின்கட்டணமும் போக மிச்சமில்லாத ஊர் கட்ட முடியாது. அதிகம் மூழ்கும் ஊருக்குக் கடைசி இடம் கிடைப்பது இப்படித்தான். அமெரிக்காவில் 1972-இல் நீர்த்தூய்மைச் சட்டம் வந்தபோது, உள்ளூர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகவே கொடுத்தது. 1987-க்குப் பிறகுதான் அந்த மானியத்திலிருந்து சுழல் கடன் நிதிக்கு, அதாவது திரும்பி வரும் பணத்தையே அடுத்த ஊருக்குக் கடனாகக் கொடுக்கும் முறைக்கு, மாறினார்கள். முதலில் மானியத்தில் அடிப்படை அமைப்பு நிற்க வேண்டும், கடன் அதற்குப் பின் வரட்டும். எங்கள் பங்குத்தொகையைத் தள்ளுபடி செய்ய இயலாவிட்டால், மக்கள் உழைப்பையும் வீட்டு இணைப்புச் செலவையும் அந்தப் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேட்கிறோம்.

மக்கள் பங்கு என்று சும்மா சொல்லவில்லை. கராச்சியின் ஓரங்கி குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில், சந்துக்குச் சந்து மக்களே பணம் போட்டு, தங்கள் சந்தின் சாக்கடையைத் தாங்களே பதித்தார்கள். செலவும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சந்துச் சாக்கடை வந்து சேரும் பெரிய குழாயையும் சுத்திகரிப்பையும் அரசுதான் செய்ய வேண்டும் என்பதில் அங்கேயும் தெளிவாக இருந்தார்கள். நாங்களும் அதையேதான் சொல்கிறோம். வாசலிலிருந்து தெருக்குழாய் வரை எங்கள் பொறுப்பு. பிரதானக் குழாய், கழிவுநீரைப் பம்ப் வைத்துத் தள்ளும் உந்து நிலையம், சுத்திகரிப்பு, வடிகால் போய்ச் சேரும் கடைசி இடம் ஆகியவற்றை எந்தத் தெருவும் வசூல் செய்து கட்ட முடியாது.

சேர்த்தே செய்யுங்கள் என்று வற்புறுத்தக் காரணம், பிற்பாடு பிரிக்கப் போனால் ஆகும் செலவு. லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போனது. அதன் பிறகுதான் நிதி பிறந்தது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட் கட்டிய சாக்கடைகள் லட்சக்கணக்கானோரைக் காலராவிலிருந்து காத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் அமைப்பு அது. ஊர் பெருகப் பெருக, மழை பெய்தால் கழிவு நதிக்குள் வழிந்தது. அதைத் தடுக்க நதிக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்ட வேண்டியதாயிற்று. 2025-இல்தான் அது முழுமையாக இணைந்தது. அப்படியொரு சுரங்கம் தோண்டும் வசதி எந்தச் சிறிய ஊருக்கும் வராது. எங்கள் தெருக்களில் புதிதாகப் பதிக்கும்போதே பிரித்துப் பதித்துவிட வேண்டும்.

எல்லா மழைநீரையும் குழாயிலும் கால்வாயிலும்தான் அடைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2-ஆம் தேதி சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் நகரமே மூழ்கியது. மறு ஆண்டே அவர்கள் போட்ட திட்டத்தில் பூங்காக்களும் தெருக்களும் மழைநீரைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும் இடங்களாயின. எங்கள் பகுதியில் தூர்ந்துபோன குளம் இருக்கிறது, விளையாட்டுத் திடல் இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் தாழ்த்தி, கரை கட்டி, வடிகாலோடு இணைத்தால் உச்ச நேரத் தண்ணீரை அவை வாங்கிக்கொள்ளும். மதிப்பீட்டில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. கட்டிக் கொடுத்துத் திறப்பு விழாவும் நடந்து, பிறகு மின்கட்டணம் கட்ட முடியாமல் பம்ப் நிற்கும் கதை எல்லோருக்கும் தெரியும். உந்து நிலையத்தில் ஒரு மோட்டார் நின்றால் அதற்கு மேலே உள்ள தெருக்கள் அத்தனையும் பொங்கும். எனவே திட்ட நிதியிலேயே குறைந்தது ஐந்து ஆண்டுகளின் இயக்கச் செலவு, மாற்று மோட்டார், ஜெனரேட்டர், அழுத்த நீரால் அடைப்பெடுக்கும் வண்டி ஆகியவை சேர வேண்டும். அந்த வண்டி இருந்தால் மனிதர் யாரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை, அதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதுங்கள். பிரேசிலில் 2001 முதல் ஒரு திட்டம் நடந்தது. கட்டுமானத்துக்கு என்று பணம் தராமல், நிலையம் இயங்கி உண்மையில் சுத்திகரித்த கழிவுநீருக்குத் தவணை தவணையாகத் தந்தார்கள். முழுத் தொகையையும் அப்படித் தரச் சொல்லவில்லை, எங்கள் உள்ளாட்சியால் முன்பணம் போட முடியாது. கடைசித் தவணையை மட்டுமாவது, வெளியேறும் தண்ணீரின் தரத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு விடுங்கள். அந்தச் சோதனை முடிவுகளை மாதாமாதம் அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள், நாங்களே வந்து படித்துக்கொள்கிறோம்.

ஐயா, தங்கள் துறையிலிருந்து ஆய்வுக்கு முன்பும் வந்திருக்கிறார்கள். வெயில் நாளில் வந்தார்கள். தெரு காய்ந்திருந்தது, மேன்ஹோல் மூடிகள் சரியாக இருந்தன. பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்கள் மேல் குறையில்லை. இந்த முறை மழை எச்சரிக்கை வந்த நாளில் ஒரு பொறியாளரை அனுப்பி வைக்க வேண்டுகிறோம். இரவானாலும் பரவாயில்லை. நடக்கத் தொடங்கும் இடத்தில் நாங்கள் டார்ச்சும் ரப்பர் பூட்ஸும் வைத்துக்கொண்டு நிற்போம். எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டி, குளியலறையைப் பார்க்கலாம்.

அளவெடுப்புக்கான முதல் தொகையை இந்த நிதியாண்டுக்குள் விடுவிக்க ஆவன செய்யுமாறும், எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாழ்வான பகுதித் தெருக்களில் குடியிருப்போர்

இணைப்பு: குடியிருப்போர் கையெழுத்துகள், தெருவாரியாகக் குறித்த கைவரைபடம், நீர் நின்ற உயரக் குறிப்புகள், மாடி மழைநீர்க் குழாயை மாற்றிக்கொள்ளும் உறுதிமொழித் தாள்கள், மழை நாளில் எடுத்த புகைப்படங்கள்.